கீழிருந்து இரண்டாவது இழுப்பறை

விருந்தினர் விட்டுப்போவதெல்லாம் இதில்தான் சேரும்.
பாசல் நகரம், ரயிலடி ஓட்டல், இரவுப் பணி எனக்கு.
சீப்பை விட்டவர்கூடக் கடிதம் எழுதுவார்.
அடாப்டரை விட்டவர் எவரும் கேட்டதில்லை.
அடுத்த ஊரில் இன்னொன்று வாங்கிக்கொள்கிறார்கள்,
கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு.

இந்த ஊர் ஒரு மாதிரி.
டிராமில் கண்ணயர்ந்தால் ஜெர்மனியில் இறங்குவீர்கள்,
வேறு டிராமில் அயர்ந்தால் பிரான்சில்.
ரொட்டி கலந்துவிட்டது, வசவுகூடக் கலந்துவிட்டது.
சுவரில் உள்ள துளை மட்டும் வளைந்துகொடுக்கவில்லை.
ஜெர்மானியருடையது வட்டக் கிண்ணத்துக்குள் குழிந்திருக்கும்.
பிரெஞ்சுத் துளையிலிருந்து ஒரு முள் எட்டிப் பார்க்கும்.
எங்களுடையது அறுகோணம்;
அதில் மூன்றாவது துளை சற்றே விலகி நிற்கும்,
பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கு வந்தவர்போல.

கார்க் நகரத்து ஈஃபாவின் பிளக் உள்ளங்கை அகலம்,
பட்டைக் கால் மூன்று.
டென்மார்க்கில் துளை சிரிக்கும் என்றார் ப்ரெபென்.
படம் காட்டினார்: இரண்டு கண், கீழே வாய். சிரிக்கத்தான் செய்தது.
கனடாவிலிருந்து வந்த திபோதோ அம்மாள்
முடி சுருட்டும் கருவியோடு புகைக்கு நடுவே நின்றாள்:
"அடாப்டர் போட்டேனே!"
அது உருவத்தைத்தான் மாற்றும் அம்மா,
விசையை மாற்றாது.

எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்குச் சொல்வேன்:
முதலில் சார்ஜரின் வயிற்றைப் படியுங்கள்.
எறும்பு எழுத்தில்
நூறு முதல் இருநூற்று நாற்பது வரை என்றிருந்தால் பயமில்லை.
நூற்றிருபது என்று ஒற்றை எண்ணோடு நின்றால்
கும்பிட்டு வீட்டிலேயே வையுங்கள்.
மெலிந்த இரட்டை முள் பெரும்பாலும் எங்கும் நுழையும்,
தீவுக்காரர்களுக்கு மட்டும் தனி.
உலகத்துக்கெல்லாம் ஒன்று என்று விற்கிற அந்தக் கட்டி
தன் பாரத்தில் தானே சுவரைவிட்டுச் சரியும்;
நம்பித் தூங்கியவர் காலையில்
மூன்று சதவீதத்தோடு என் முன்னால் நிற்பார்.

பிப்ரவரி. இரவு இரண்டு மணி.
பதினான்காம் அறை செசாரி வெறுங்காலோடு படியிறங்கி வந்தார்.
போலந்துக்காரர். மகள் இகாவுக்கு நான்கு வயது.
மருந்துப் புகை தரும் இயந்திரம் கையில்,
அதன் தடித்த வட்டத் தலை எங்கள் சுவரில் நுழையவில்லை.
மேலே மாடியில் அந்த மூச்சு
பூட்டிய கதவின் கீழ்ச் சந்தில் காற்றுபோல
இங்குவரை கேட்டது.

இழுப்பறையைக் கவிழ்த்தேன்.
ஐரிஷ் தலை, இத்தாலிய வரிசைத் துளை, ஆஸ்திரேலியச் சாய்வுக் கால்,
ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன்.
கோபுரம் ஆடியது, மினுக்கியது, அணைந்தது.
நாற்பத்தொரு அடாப்டர். எண்ணினேன், ஏனென்று தெரியவில்லை.
அவர் எதுவும் சொல்லவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது.
முன்கூடத்து மீன்தொட்டியின் குமிழிச் சத்தம்.
முதலாளியம்மா எல்லை தாண்டி மலிவாய் வாங்கிய ஜெர்மன் மோட்டார்,
அதற்கென்றே ஒரு வெள்ளை அடாப்டர்.
பிடுங்கினேன்.

இருபது நிமிடம் இயந்திரம் இரைந்தது.
இகா முகமூடிக்குள்ளிருந்து என் சட்டைப் பொத்தானையே பார்த்தாள்.
ஆறு மணிக்கு இன்னொரு முறை வேண்டும் என்றார் செசாரி,
ஒன்பதுக்கு ரயில், அடுத்த ஊரிலும் இதே சுவர்.
"வைத்துக்கொள்ளுங்கள்."

பிறகு நான் தொட்டியருகே உட்கார்ந்தேன்.
ஆரஞ்சு மீன்கள் ஐந்தும் மேலே வந்து
வாயைத் திறந்து திறந்து மூடின.
சூப்புக் கரண்டியால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டேயிருந்தேன்,
கை மாற்றி மாற்றி,
ரயிலடிக் கடை திறக்கும்வரை.

செலவு நோட்டில்
'மீன், பதினான்கு ஃபிராங்க்' என்று எழுதினேன்.
யாரும் கேட்கவில்லை.